1003 யாருடையது?

லினக்ஸில் பேக்கப் மென்பொருளை எப்படி நிறுவுவது என்று யாரைக் கேட்டாலும் முதல் வரியிலேயே "சூடோ" (கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சொல்) போட்டு ஆரம்பித்துவிடுகிறார்கள். அது எந்தக் கணக்கில் ஓடப் போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதலில் முடிவு செய்ய வேண்டிய விஷயம். நாங்கள் அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கும் சிறிய தமிழ் அமைப்புக்கு வார இறுதிகளில் கணினி வேலை பார்த்துக் கொடுக்கிறேன். சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய சின்னக் கணினிப் பெட்டி, அதில் டெபியன் என்ற லினக்ஸ் வகை. உள்ளே பழைய நாடகப் படங்கள், கூட்டக் குறிப்புகள், கணக்கு வழக்கு, உறுப்பினர் பட்டியல். பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி ஒருவர் ஆர்வமாக வந்து போர்க் என்ற பேக்கப் மென்பொருளை நிறுவினார். நல்ல தேர்வுதான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

முதலில் தன் சொந்தக் கணக்கிலேயே ஓட்டிப் பார்த்தார். படங்கள் எல்லாம் போயின. பொருளாளரின் ஃபோல்டரைத் தொட்டதும் "பெர்மிஷன் டினைட்". சரி என்று ஒரே ஒரு முறை சூடோ போட்டு ஓட்டினார். ஓடியது. சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு முறைதான் வினையானது. சூடோ போட்டால் நிரல் ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கின் பெயரில் ஓடும். அப்படி ஓடியபோது போர்க், நகல்களைச் சேர்த்து வைக்கும் தன் களஞ்சியத்தில் புதிதாக எழுதிய கோப்புகள் எல்லாம் ரூட் பெயருக்குப் போய்விட்டன. இரவு, குறித்த நேரத்தில் வேலையைத் தானே ஓட்டும் கிரான் மறுபடி தம்பியின் பெயரில் ஓடியபோது, அவரே உருவாக்கிய களஞ்சியத்தை அவராலேயே திறக்க முடியவில்லை. கிரான் பிழைச் செய்தியை மின்னஞ்சலில் அனுப்பும். அந்தப் பெட்டியில் மின்னஞ்சலே அமைக்கவில்லை. (அமைத்திருக்க வேண்டியவன் நான்.) மூன்று மாதம் ஒரு பேக்கப்கூட எடுக்கப்படவில்லை, யாருக்கும் தெரியாது.

தெரிய வந்த அன்று பதற்றத்தில் தம்பி இன்னொரு காரியம் செய்தார். எல்லாருடைய கோப்புகளும் இருக்கும் ஹோம் அடைவு முழுவதற்கும், அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளையில் 777. எல்லாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். இணையத்தில் பத்தில் ஒரு பதிலாவது இந்த வைத்தியத்தைச் சொல்லும். தலைவலிக்குத் தலையை எடுப்பது மாதிரி.

அன்று மாலை உட்லண்ட்ஸில் வீட்டில் உட்கார்ந்து எஸ்எஸ்எச் வழியாக, அதாவது தொலைவிலிருந்தே, பெட்டிக்குள் நுழையப் பார்க்கிறேன், பாஸ்வேர்டுக்குப் பதிலாக நான் வைத்திருக்கும் சாவிக் கோப்பை ஏற்க மறுக்கிறது. எஸ்எஸ்எச் சர்வர் சந்தேகப் பேர்வழி. நம் ஹோம் அடைவில் பிறர் எழுத முடியும் என்றால், அதற்குள் இருக்கும் சாவிப் பட்டியலை அது நம்பாது. யார் வேண்டுமானாலும் தன் சாவியைச் சேர்த்திருக்கலாமே. பாஸ்வேர்டு வழியை நானே முன்பு அடைத்து வைத்திருந்தேன். வேறு வழியின்றி ஞாயிற்றுக்கிழமை தேக்கா கூட்டத்துக்குள் நேரிலேயே போனேன். கறிவேப்பிலையாவது வாங்கி வந்தேன், அது ஒன்றுதான் லாபம்.

777-க்குத் திரும்பும் பாதை கிடையாது. எந்தக் கோப்பு முன்பு யாருக்குத் திறந்திருந்தது என்பதை லினக்ஸ் எங்கும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. அந்தத் தகவல் மிச்சம் இருந்தது ஓர் இடத்தில்தான்: மூன்று மாதம் பழைய அந்தப் பேக்கப்பில்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் வந்தது. நிறுவனம் என்று அது சொல்வதில் சங்கங்களும் அடக்கம். தரவை நியாயமான அளவுக்குப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. பேக்கப் நகலில் இருக்கும் உறுப்பினர் பட்டியலும் பட்டியல்தான். அதை அந்தப் பெட்டியில் கணக்கு வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் திறந்துவிட்டு, "பேக்கப் ஓட வேண்டுமே" என்று சமாதானம் சொல்ல முடியாது.

ஊருக்குப் போகும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் சாவி கொடுக்கிறோம். அலமாரிச் சாவியையும் சேர்த்தா கொடுக்கிறோம்? பேக்கப் மென்பொருளுக்கு வேண்டியது எல்லாவற்றையும் படிக்கும் உரிமை. அழிக்கும் உரிமை எதற்கு? லினக்ஸின் மையமான கெர்னலில் இதற்கென்றே ஓர் அதிகாரத் துண்டு இருக்கிறது, கேப் டாக் ரீட் சர்ச் என்று பெயர். அனுமதிகளைத் தாண்டிப் படிக்கலாம், ஆனால் எழுத முடியாது. ரெஸ்டிக் என்ற இன்னொரு பேக்கப் மென்பொருள் மாதிரி ஒரே கோப்பாக வரும் நிரலுக்கு, செட்கேப் கட்டளையால் அந்த நிரலிலேயே இதை ஒட்டி வைக்கலாம். இரண்டு எச்சரிக்கை: அந்த நிரலைப் பேக்கப் கணக்கு மட்டும் இயக்கும்படி 750 என்று பூட்ட வேண்டும், இல்லையென்றால் கண்டவரும் அதை வைத்து எதையும் படித்துவிடுவார்கள். அப்புறம், புதிய பதிப்பு வந்து பழைய நிரல் மாற்றப்படும்போது ஒட்டியது போய்விடும், நள்ளிரவில் மறுபடி "பெர்மிஷன் டினைட்".

டெபியனில் வரும் போர்க் பைத்தான் ஸ்கிரிப்ட், அதில் இப்படி ஒட்ட முடியாது. அதனால் நாங்கள் தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் சேவைக் கோப்பில் பயனர் யார், என்ன அதிகாரம் என்று இரண்டு வரி எழுதினோம். பேக்கப் போய்ச் சேரும் இன்னொரு கணினியில், அந்தக் கணக்கின் எஸ்எஸ்எச் சாவியால் சேர்க்க மட்டுமே முடியும்படி போர்க் சர்வ் கட்டளையை அப்பெண்ட் ஒன்லி என்று கட்டிப் போட்டோம்.

வீட்டு லேப்டாப் ஒன்றுக்கு இவ்வளவும் தேவையா? தேவையில்லை. ரூட்டிலேயே ஓட்டுங்கள், குடி முழுகிவிடாது. ஆனால் முதல் நாளிலிருந்தே ரூட்டில் ஓட்டுங்கள். இன்று நான், நாளை ரூட் என்று மாற்றி மாற்றி வேண்டாம். எக்ஸ்ஃபேட் வடிவத்தில் உள்ள யூஎஸ்பி டிஸ்க்கில் கோப்புகளை அப்படியே காப்பி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த வடிவத்தில் உரிமையாளர் பெயரை எழுதி வைக்க இடமே இல்லை. திரும்ப எடுக்கும்போது எல்லாம் ஒரே ஆளுடையதாக வந்து நிற்கும்.

போன மாதம் பெட்டியை மாற்றினோம். மீட்பதற்கு மட்டும் ரூட் வேண்டும், ஏனென்றால் ஒரு கோப்பை இன்னொருவர் பெயருக்கு மாற்ற ரூட்டால்தான் முடியும். நான் பக்கத்தில் இருக்க, தம்பியே ஓட்டினார். லினக்ஸில் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் உண்டு, கோப்பு யாருடையது என்பதை அது அந்த எண்ணால்தான் குறித்து வைக்கும். போர்க் முதலில் பயனர் பெயரைத் தேடும், அந்தப் பெயர் இல்லையென்றால் பழைய எண்ணையே வைத்துவிடும். புதிய பெட்டியில் மூன்று கணக்குகள்தான் உருவாக்கியிருந்தோம்: 1000 நான், 1001 தம்பி, 1002 பொருளாளர். மீட்ட கோப்புகளின் பட்டியலை ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்த தம்பி நிறுத்தினார்.

"அண்ணே, கூட்டக் குறிப்பு ஃபோல்டர்ல எல்லாத்துக்கும் 1003னு நம்பர்தான் வருது. யாருண்ணே இது?"

முன்னாள் செயலாளர் ஐயா. இரண்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து, ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதியவர். புதிய பெட்டியில் அவருக்குக் கணக்கு போட எங்களுக்குத் தோன்றவே இல்லை.

விஷயம் அதோடு முடியவில்லை. அடுத்து யாராவது தொண்டர் சேர்ந்து கணக்கு உருவாக்கினால், லினக்ஸ் அவருக்குக் கொடுக்கப் போகும் எண் 1003. ஐயா எழுதியது அத்தனையும் முன்பின் தெரியாத ஒருவர் பெயருக்குப் போயிருக்கும்.

தம்பி அவர் பெயரிலேயே, அதே எண்ணில் கணக்கு ஒன்றை உருவாக்கினார். யாரும் உள்ளே நுழைய முடியாதபடி ஷெல்லை நோலாகின் என்று வைத்தார். பட்டியலை மறுபடி ஓட்டினார். எண் இருந்த இடத்தில் ஐயாவின் பெயர் வரிசையாக வந்தது. அப்புறம் கீழே போய்க் கோப்பி குடித்தோம்.