எந்திரனும் ஆச்சியின் ‘உது’வும்

அறிவுள்ள எந்திரனைப் பற்றிக் கதை எழுதுகிற நண்பர்கள் பலரும், அதற்குக் காதல் வருமா, கோபம் வருமா என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை. அதற்கு மொழி எப்படி வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. முதல் பக்கத்திலேயே அது பிசிறில்லாத தமிழில் பேசத் தொடங்கிவிடுகிறது. (நானும் அப்படி இரண்டு கதைகள் எழுதியிருக்கிறேன், அவற்றை யாரும் தேட வேண்டாம்.)

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ரூத் ஷுல்ஸும் அவருடைய குழுவினரும் செய்து 2011இல் பரவலாகப் பேசப்பட்ட ‘லிங்கோடிராய்டு’ ஆய்வைப் படித்த பிறகுதான் என் எண்ணம் மாறியது. சக்கரங்களில் ஓடும் அந்தச் சிறு ரோபோக்கள், தாம் சுற்றிவந்த இடங்களின் வரைபடத்தைத் தத்தமக்குள் வரைந்துகொள்கின்றன. பெயரில்லாத ஓரிடத்தில் இரண்டும் சந்தித்தால், ஒன்று சில அசைகளைக் கோத்து, ‘குசோ’ என்பதுபோல ஒரு சொல்லை உண்டாக்கி ஒலிக்கிறது. மற்றது அதைக் கேட்டுத் தன் வரைபடத்தில் குறித்துக்கொள்கிறது. ஒன்றின் வரைபடம் மற்றதற்குத் தெரியாது, சொல் மட்டுமே இருவருக்கும் பொது. பிறகு ஒரு பெயரைச் சொல்லி இரண்டும் அங்கே போக முயலும். ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் அந்தச் சொல் பலித்தது என்று பொருள்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அடுத்த கட்டம். தொலைவுக்கும் திசைக்கும் சொற்கள் அமைந்தவுடன், இரண்டுமே இதுவரை கால்வைக்காத இடங்களுக்கும் அவற்றால் பெயர் சூட்ட முடிந்தது. தாத்தா சொல்லிக் கேட்டுப் பெயர் மட்டும் தெரிந்த ஊருக்கு முதன்முதலாகப் பேருந்தில் போய் இறங்குகிறவனின் மனநிலை நமக்குத் தெரியும்; அதே நிலையில் ஓர் எந்திரன் நிற்பதற்குக் காதலும் வேண்டாம், கோபமும் வேண்டாம்.

தமிழில் எழுதுகிறவருக்கு இதில் கூடுதல் வசதி உண்டு. ‘அ இ உ அம்மூன்றும் சுட்டு’ என்கிறது தொல்காப்பியம். தமிழகத்துப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில், கேட்பவருக்கு அருகில் இருப்பதைக் காட்ட, ‘உது’, ‘உவன்’, ‘உங்கை’ என்று இன்றும் புழங்குகிறது. அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், பொருள் எங்கே இருக்கிறது என்பதோடு, சொல்பவர் எங்கே இருக்கிறார், தான் எங்கே நிற்கிறோம் என்பதையும் எந்திரன் அறிந்திருக்க வேண்டும்.

நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதையில், சென்னைத் தமிழை மட்டுமே கற்ற ஓர் எந்திரன் யாழ்ப்பாணத்து வீடொன்றின் அடுக்களைக்கு வந்து சேர்கிறது. அதன் கையருகே இருக்கும் சுளகைப் பார்த்து ஆச்சி, “பிள்ளை, உதை ஒருக்கா எடுத்துத் தா” என்கிறார். எந்திரன் தன் காலைப் பார்க்கிறது, பிறகு ஆச்சியைப் பார்க்கிறது. அடுத்த வரி மூன்று நாட்களாக எனக்கு வரவில்லை.