தண்ணீரும் சுருங்கும்
கட்டுரையில் "திரவங்களை அமுக்கவே முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது முழு உண்மை அல்ல. ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினால் தண்ணீர் 10 லட்சத்தில் ஏறக்குறைய 46 பங்கு சுருங்கும். எஃகு இன்னும் மிகக் குறைவாக. காற்றோ, அழுத்தம் இரட்டித்தால் பாதியாகிவிடும். மூலக்கூறுகளுக்கு இடையே அவ்வளவு வெற்றிடம்!

எங்கள் புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா (காற்றுக் குடுவையில் மூச்சுவிட்டபடி மூழ்குவது) இறங்குபவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. அங்கிருந்து மூச்சை அடக்கிக்கொண்டே மேலேறினால் நுரையீரல் காற்று விரிந்து அதைக் கிழித்துவிடக்கூடும். தசையும் ரத்தமும் பெரும்பாலும் நீர் என்பதால் அவை அப்படி விரிவதில்லை.

ஆழ்கடலில் 4,000 மீட்டருக்குக் கீழே தண்ணீரே சுமார் 2 சதவீதம் சுருங்கித்தான் கிடக்கிறது. சுருங்காதிருந்தால் உலகக் கடல்மட்டம் பல மீட்டர் உயர்ந்து, எங்கள் பீச் ரோடே மூழ்கியிருக்கும். பிள்ளைகள் படிக்கும் பக்கம் இது, அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள்.