பச்சைத் தேயிலைக்கு நாங்களும் உட்கார்ந்தோம்

அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பணி இல்லாமல் பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர்கள், ஊதியத்துக்காக மாணவர்களைப் பணயம் வைத்துப் போராடுகிறார்கள் என்று உங்கள் பத்திரிகையில் எழுதியிருக்கிறீர்கள். நான் கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவன். மகள் அரசுக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு. போராட்டம் நடந்த வாரங்களில் பனியில் நின்று ஆறரை மணி பஸ் பிடித்துப் போவாள். ஒரே ஒரு வகுப்பு நடக்கும், திரும்பி வருவாள். அக்கவுண்டிங் பாடத்தில் இரண்டு யூனிட் நடத்தவே இல்லை. பாரதியார் பல்கலைக்கழகத் தேர்வோ யாருக்காகவும் நிற்காது. கோவைப் பிள்ளைகள் டியூஷன் போய்ச் சமாளிக்கலாம். எங்கள் ஹட்டியில், இந்த மலைக் கிராமத்தில், யாரிடம் அனுப்புவது? கோபம் எனக்கும் வந்தது.

ஆனால் அவளுடைய ஆசிரியரும் ஒரு கௌரவ விரிவுரையாளர்தான். கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவர், முனைவர் பட்டமும் வாங்கியவர். போராட்டத்தின்போது அவருக்குச் சம்பளம் மாதம் 25,000 ரூபாய், அதுவும் வருடத்தில் 11 மாதத்துக்குத்தான். மே மாதம் அவர் வீட்டில் உலை வைக்க வேண்டாமா? வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு 2023-ல் கோத்தகிரி அருகே நட்டக்கல்லில் தேயிலை விவசாயிகளான நாங்களும் உண்ணாவிரதம் உட்கார்ந்தோம். அன்று எங்களை யாராவது பணயக்காரர்கள் என்று சொல்லியிருந்தால் மனது எவ்வளவு வலித்திருக்கும்!

அரசிடம் நான் கேட்பதெல்லாம் இதுதான் ஐயா: பேசித் தீர்த்த கையோடு, விட்ட பாடங்களைச் சனிக்கிழமைகளில் நடத்த ஏற்பாடு செய்யுங்கள். அதற்கான ஊதியத்தையும் அவர்களுக்குக் கொடுங்கள். நவம்பரில் தேர்வு வந்துவிடும்.