புதுக் கணவரின் சம்பளமும் பிள்ளையின் ஜீவனாம்சமும்

"அவதான் வேற கல்யாணம் பண்ணிட்டாளே, வந்தவர் நல்லா சம்பாதிக்கிறாரே, நான் எதுக்கு இன்னும் கட்டணும்?" குடும்ப நல நீதிமன்ற வாசலில் அடிக்கடி காதில் விழும் கேள்வி. பிள்ளைக்குக் கட்டித்தான் ஆகணும்.

மறுமணத்தால் போவது முன்னாள் மனைவியின் பங்கு மட்டும். அதுவும் தானாக நிற்காது. பிஎன்எஸ்எஸ் எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 146-ஆம் பிரிவில் (பழைய சட்டத்தில் 127) மனு போட்டு ரத்து வாங்க வேண்டும். பிள்ளையைக் காப்பாற்றும் கடமையை 144-ஆம் பிரிவும் (பழைய 125), இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டு தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆம் பிரிவும் பெற்றவர்கள் தலையில்தான் வைக்கின்றன. மாற்றாந்தகப்பன் அந்தக் கணக்கிலேயே இல்லை. அவர் பிள்ளையை முறைப்படி தத்தெடுத்தால் கதை வேறு.

சிக்கல் வருவது, தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஒரே தொகையாக ஆணை வாங்கிய வழக்குகளில். பதினைந்தாயிரம் என்று ஆணை வந்தால், அதில் பிள்ளையின் பங்கு எவ்வளவு என்று பிறகு யார் சொல்வது? மனுவிலேயே இருவருக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பல வக்கீல்கள் இதில் அசட்டையாக இருக்கிறார்கள்.

தாயின் சொந்தச் சம்பளம் கணக்கில் வரும். பத்மஜா சர்மா வழக்கில் (2000) பெற்றோர் இருவரும் சம்பாதித்ததால், வருமான விகிதப்படி செலவைப் பகிரச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

மறுமணம் செய்தது தகப்பன் என்றால்? புது மனைவியின் சம்பளத்தை அவர் வருமானத்தோடு கூட்ட மாட்டார்கள். ஆனால் "வாடகை, இஎம்ஐ போக ஒன்றும் மிஞ்சவில்லை" என்று அவர் சொன்னால், அதில் பாதியை யார் கட்டுகிறார்கள் என்ற கேள்வி வரும். ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு (2020) வகுத்த சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரத்தில், தன்னை நம்பியிருப்பவர்களுக்குத் தனி வருமானம் இருந்தால் அதையும் எழுத வேண்டும். வேலைக்குப் போகும் மனைவியை மறைத்தால் குறுக்கு விசாரணையில் மாட்டுவார். புதுக் குழந்தை பிறந்தது நியாயமான காரணம்தான். கல்யாண் டே சௌத்ரி வழக்கில் (2017) இதைப் பார்த்து 23,000 ரூபாயை 20,000 ஆக்கினார்கள். குறைந்தது அவ்வளவுதான்.

குறைக்க வேண்டுமென்றால் சம்பளச் சீட்டு, படிவம் 16 (வேலை கொடுப்பவர் தரும் வரிப் பிடித்தச் சான்று), வங்கிக் கணக்கு விவரத்தோடு மனு போடுங்கள். ஆணை வரும்வரை பழைய தொகையையே கட்டுங்கள். நீங்களாக நிறுத்தினால் பாக்கி ஏறும். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. வாங்க வேண்டியவர்களும் கவனியுங்கள்: 144-இல் பாக்கிக்கு வாரண்டு கேட்பதானால், தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டாக வேண்டும்.