முன்வரிசை நிரம்பிவிட்டது

தம்பி: மெதுவாகப் பேசு, அக்கா. அடுத்து என்னைத்தான் வானொலியில் இணைக்கப் போகிறார்கள்.

அக்கா: எதற்கு?

தம்பி: 1976 ஜூன் 4. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழு முதன்முதலாக மான்செஸ்டரில் வாசித்த நாள். அன்று அரங்கில் இருந்தவர்கள் அழைக்கலாமாம்.

அக்கா: சரி, இருந்தவர்கள் அழைக்கட்டும். நீ ஏன் அழைக்கிறாய்?

தம்பி: நானும் இருந்தேனே!

அக்கா: உனக்கு அப்போது பத்து வயது. சின்னம்மை வேறு. உடம்பெல்லாம் இளஞ்சிவப்புக் களிம்போடு கட்டிலில் கிடந்தாய்.

தம்பி: ஃப்ரீ டிரேட் ஹாலின் மாடியில் இருந்த சின்ன அரங்கம். டிக்கெட் ஐம்பது பென்ஸ். ஏற்பாடு செய்தவர்கள் ஹோவர்ட் டிவோட்டோவும் பீட் ஷெல்லியும். அவர்களுடைய பஸ்காக்ஸ் குழுவும் அன்று வாசிப்பதாக இருந்தது, ஆனால் வாசிக்க ஆள் சேரவில்லை. போகாதவனுக்கு இதெல்லாம் தெரியுமா?

அக்கா: படித்தவனுக்குத் தெரியும். அதைப் பற்றிய உன் புத்தகத்தைத் தூசி தட்டுகிற எனக்கே தெரியும். வந்தவர்கள் சுமார் நாற்பது பேர் என்றும் அதில்தான் போட்டிருக்கிறது. இன்று மத்தியானத்திலிருந்து எத்தனை பேர் பேசிவிட்டார்கள்?

தம்பி: யார் எண்ணினார்கள்?

அக்கா: நான். தேநீர் கொதிப்பதற்குள் பதினொரு பேர். உன் சீட்டாட்டக் கூட்டாளிகள் ஆறு பேரும் இருந்தார்களாம். என் பல் மருத்துவரும் இருந்தாராம். வாயில் கருவியை வைத்துக்கொண்டு சொன்னார், மறுக்க முடியவில்லை.

தம்பி: ஸ்டீவ் டிக்கிள் கதையைக் கேள். வேறு யாரையோ சந்திக்க வெளியே நின்றிருந்தார். பிஸ்டல்ஸின் மேலாளர் மால்கம் மெக்லாரன் ஆள் மாறாட்டத்தில் அவரை உள்ளே அழைத்துப் போய்விட்டார். அப்படித்தான் அவர் பஸ்காக்ஸில் சேர்ந்தார்!

அக்கா: அவராவது தவறுதலாக உள்ளே போனார். நீ தவறிக்கூடப் போகவில்லை.

தம்பி: மனத்தளவில் இருந்தேன்.

அக்கா: அதற்கு டிக்கெட் கிடையாது. உண்மையிலேயே உனக்கு நடந்ததைச் சொல்லேன். 1978 செப்டம்பர். ராத்திரி, பிபிசி வானொலியில் ஜான் பீல் பாட்டுப் போடும் நிகழ்ச்சி. வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்துப் பையன்களின் அண்டர்டோன்ஸ் குழு பாடிய பாட்டு முடிந்தது. அடுத்த நிமிடமே பீல் அதே பாட்டை மறுபடியும் போட்டார்.

தம்பி: அக்கா, வேண்டாம்.

அக்கா: பெட்டி சிக்கிக்கொண்டது என்று ஓங்கி ஒரு குத்து விட்டாய்.

தம்பி: ஒரே பாட்டை யாராவது அடுத்தடுத்து இரண்டு முறை போடுவார்களா? இசைத்தட்டைத் தப்பான வேகத்தில் ஓட்டுவதற்கே பேர்போன மனிதர் அவர். நான் என்னத்தைக் கண்டேன்?

அக்கா: நீ குத்தியது என் டேப் ரெக்கார்டர். சனிக்கிழமைதோறும் செருப்புக் கடையில் மற்றவர்கள் காலைப் பிடித்துச் சம்பாதித்து வாங்கியது. மூடி உடைந்து, நாடா குடலாக வெளியே வந்தது.

தம்பி: அதையா வானொலியில் சொல்வது? படுக்கையறையில் நடந்தது!

அக்கா: நடந்ததே. அந்த பதினொரு பேருக்கும் அதுகூட இல்லை.

தம்பி: உள்ளூர் வானொலி, அக்கா. ஊர்க்காரன் ஊர்க்கதையைச் சொல்ல வேண்டாமா?

அக்கா: எந்த ஊர்? மணி மூன்று. 2023இலிருந்து பிபிசியின் உள்ளூர் நிலையங்களிலேயே பலவற்றில் பிற்பகல் 2 மணிக்கு மேல் அக்கம்பக்கத்து நிலையங்களோடு பங்குபோட்ட நிகழ்ச்சிதான். உன்னை அழைத்தவர் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ. ஊரில் இல்லாத வானொலியிடம் அரங்கில் இல்லாதவன் பேசப் போகிறான். நல்ல பொருத்தம்.

தம்பி: உஷ்! எடுத்துவிட்டார்கள். ஆமாம் சார், இருந்தேன்... ஒரு நிமிடம். அக்கா, முன்வரிசையில் நின்றதாக ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லிவிட்டார்களாம். நான் எங்கே நின்றேன் என்று கேட்கிறார்.

அக்கா: நிற்கவில்லை, படுத்திருந்தேன் என்று சொல்.