எத்தனை கிராம் என்று கேட்டது குற்றமா?

எடைக்காகவே வாங்கப்படும் ஒரு பொருளை எடை சொல்லாமலே விற்கும் கூத்தை எங்கள் மலையில்தான் பார்க்க முடியும். மலைப்பூண்டை கிராம் கணக்கில் நிறுத்துத் தருகிற கொடைக்கானலில், தூண்டிலுக்கான ஈயக்குண்டு மட்டும் பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் குவிந்து கிடக்கிறது. கையை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்து, "அண்ணே, இது எத்தனை கிராம்?" என்று கேட்டால், கடைக்காரர் அதை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தூக்கிப் பார்க்கிறார். "நல்ல கனம் தம்பி, தூரமாகப் போகும்" என்கிறார். நான் தூரத்தையா கேட்டேன்?

என் தூண்டில் கம்பின் அடிப்பகுதியில் 10–30 கிராம் என்று அச்சடித்திருக்கிறது. வீசும்போது அந்தக் கம்பு தாங்கக்கூடிய எடை அது. அந்தக் கம்பை எனக்கு விற்றவரும் இவர்தான். விற்ற அதே கையால், கடற்கரைக்காரர்களுக்காக வார்த்த பெரிய குண்டை எடுத்து நீட்டுகிறார். அலையிலும் நீரோட்டத்திலும் இழுபடாமல் கிடக்கச் செய்த குண்டு அது. எங்கள் ஏரியில் ஏது அலை? மிதிபடகுகள் கிளப்பும் அலையைச் சொல்கிறாரோ என்னவோ. வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வருகிற மூட்டையில் எது இருக்கிறதோ அதுதான் இங்கே சரக்கு. பிடிக்கப்போவது கெண்டையா, கடல்மீனா என்று யார் கேட்கிறார்கள்?

கெண்டைக்கு எடை பார்க்க வேண்டும். பாய்ந்து வந்து கவ்வுகிற மீன் அல்ல அது. தரையைக் கிளறி, சேற்றோடு சேர்த்து இரையை உறிஞ்சி, வாயிலேயே சோதித்து, சந்தேகம் வந்தால் அப்படியே வெளியே ஊதிவிடும். அதை ஏமாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நடுவே துளையுள்ள சிறிய குண்டுக்குள் நரம்பு, அதாவது தூண்டில் இழை, தடையில்லாமல் ஓட வேண்டும். மீன் இழுக்கும்போது அதற்குக் கனமே தெரியக்கூடாது. மற்றது இதற்கு நேர் எதிர். நரம்பில் நிலையாக நிற்கிற, 80 கிராமை ஒட்டிய கனமான குண்டு. இரையை எடுத்த மீன் தலையைத் திருப்பியதும் அந்தக் கனமே தூண்டில் முள்ளை உதட்டில் ஏற்றிவிடும். இரண்டுக்கும் நடுவில், 25 கிராம் குண்டை அசையாமல் முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுவது இரண்டுங்கெட்டான் வேலை. முள் ஏறுவதற்கு அந்தக் கனம் போதாது, மீனுக்குச் சந்தேகம் வருவதற்குப் போதும். நம் ஆட்களில் பெரும்பாலோர் போடுவது இதைத்தான். மாலை வரை உட்கார்ந்துவிட்டு, "ஏரியில் மீனே இல்லை" என்று எழுந்து போகிறார்கள். இலங்கையிலிருந்து 1939-ல் நீலகிரிக்குக் கண்ணாடிக் கெண்டை (மிரர் கார்ப்) வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. அது எப்படித் தின்கிறது என்று பார்த்துக்கொள்ள இன்னும் எவ்வளவு காலம் வேண்டுமாம்?

வடிவத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே சிரிக்கிறார்கள். பிரிட்டிஷ் அதிகாரி லெவிஞ்ச் 1863-ல் உருவாக்கிய ஏரி இது. அன்றிலிருந்து மழை அடித்துக்கொண்டு வந்த வண்டல் எங்கே போயிருக்கும்? உருண்டைக் குண்டு அந்தச் சேற்றில் புதைந்து, இரையையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும். தட்டையான குண்டு மெதுவாக இறங்கி மேலேயே படுத்திருக்கும். வீசிய குண்டை மெல்ல இழுத்துப் பார்த்தாலே தரை தெரிந்துவிடும்: சரளை என்றால் கையில் தட்டும், சேறு என்றால் ஒட்டிக்கொண்டு வரும், பாசி என்றால் சிக்கிச் சிக்கி விடும். தட்டைக் குண்டு இருக்கிறதா என்று கேட்டேன். "சுத்தியலால் தட்டினால் தட்டையாகிவிடும்" என்றார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பே இல்லை. பாவி மனிதர், அதில் தவறும் இல்லை!

ஒரே அச்சில் வார்த்தவை என்று கொடுத்த குண்டுகளை வீட்டுச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்று 38 கிராம், அதன் இரட்டைப் பிறவி 46. கண்ட உலோகத்தையும் கலந்து உருக்கியிருப்பார்கள், அல்லது உள்ளே காற்றுக் குமிழி நின்றிருக்கும். துளையின் விளிம்பிலோ பிசிறு. இரண்டு வீச்சுக்குள் நரம்பைச் சீவிவிடும். அறுந்தால் குண்டு போனது என்று மட்டும் வருத்தப்படுகிறார்கள். நரம்பின் நுனியில் குண்டையும் அதற்கு மேலே முட்களையும் இறுக்கிக் கட்டுகிற பழக்கத்தில், அறுந்த நரம்போடு போகிற கெண்டை அந்தக் குண்டையும் இழுத்துக்கொண்டுதான் போகும். அது பாசியில் சிக்கினால் மீன் அங்கேயே கட்டுண்டு கிடந்து சாகும். முள்ளுக்குப் போகிற கிளை நரம்பைவிட மெல்லிய நூலால் குண்டைத் தனியாகக் கட்டுங்கள், சிக்கினால் குண்டு மட்டும் கழன்றுவிடும் என்று சொன்னால், "குண்டு காசு யார் கொடுப்பது?" என்கிறார் பக்கத்தில் உட்கார்ந்தவர். சிறிய கூழாங்கல்லைக் கட்டுங்கள் ஐயா, அது சும்மாதானே கிடைக்கிறது! எடைக்கு எடை பார்த்தால் கல் ஈயத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல் பருமன், தூரமாகப் போகாது. கரையோரப் பாசிக்குத் தூரம் எதற்கு?

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மிளகு அளவு ஈயமணியை நரம்பில் வைத்துப் பல்லால் கடித்து மூடுகிறார்களே, அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. அப்பா கடிக்கிறார், பக்கத்திலேயே எட்டு வயதுப் பையனும் கடிக்கிறான். அதே கையால் மிளகாய் பஜ்ஜி. ஈயம் விஷம் ஐயா! குழந்தைகளின் மூளையைத்தான் அது முதலில் தாக்குகிறது. அன்னப்பறவைகள் ஈயத்தை விழுங்கிச் சாகின்றன என்பதற்காக 1987-ல் பிரிட்டனில் 28 கிராம் வரையிலான ஈயக்குண்டுகளில் பெரும்பாலானவற்றின் விற்பனையையே தடைசெய்தார்கள். இங்கே நாம் பிள்ளைகளின் வாயிலேயே வைக்கிறோம். ஒரு குறடு வாங்கினால் குடியா முழுகிவிடும்?

கடைக்காரரிடம் நேற்றும் கேட்டேன், குண்டின்மேல் எடையைப் போட்டு விற்கக்கூடாதா என்று. அதற்கெல்லாம் இயந்திரம் வேண்டுமாம். நகத்தால் கீறினாலே கோடு விழுகிற உலோகம் ஈயம். பூண்டு நிறுக்கிற தராசு அடுத்த கடையிலேயே இருக்கிறது. ஓர் ஆணியை எடுத்து 30 என்று கீறுவதற்கு எந்த இயந்திரம் வேண்டும்?