கடலே இல்லாத அலைச்சறுக்குச் செய்தி

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்கு (சர்ஃபிங்) போட்டி நடந்தது. ஆண்கள் ஓபன் பிரிவில் ரமேஷ் புடிஹால் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர்தான். பெரிய விஷயம். ஆனால் அப்போது வந்த செய்திகளை இப்போது தேடிப் படித்துப் பாருங்கள். 12.60 புள்ளி எடுத்தார், தங்கம் வென்ற தென்கொரியர் 15.17 எடுத்தார். பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். 12.60 எதற்கு? ஐம்பதுக்கா, நூறுக்கா? ஒருத்தரும் சொல்வதில்லை.

இருபதுக்கு. ஒவ்வொரு அலைக்கும் பத்து புள்ளி வரை உண்டு. ஐந்து நடுவர்கள் இருந்தால் கூடுதலாகப் போட்டவரையும் குறைத்துப் போட்டவரையும் தள்ளிவிட்டு மற்ற மூவரின் சராசரியை எடுப்பார்கள். ஹீட் எனப்படும் இருபது முப்பது நிமிடச் சுற்றில் எத்தனை அலை பிடித்தாலும் கணக்கில் வருவது சிறந்த இரண்டுதான். நடுவர்கள் பாஷையில் ஆறிலிருந்து எட்டுக்குள் விழுந்தால் ‘நன்று’, எட்டைத் தாண்டினால் ‘மிக நன்று’. அப்படியென்றால் ரமேஷின் இரண்டு அலைகள் சராசரியாக 6.3, தங்கம் வாங்கியவருடையது ஏறக்குறைய 7.6. வித்தியாசம் ஒரு அலைக்கு 1.3 தான். இந்தக் கணக்கைப் போட்டால்தான் பதக்கத்தின் எடை தெரியும். ‘அசத்தல்’, ‘வரலாற்றுச் சாதனை’ என்று எத்தனை தடவை எழுதினாலும் அது தெரியாது.

நிருபர்கள் எழுதுவது பரிசளிப்பு மேடையிலிருந்து. கடலைப் பார்த்து எழுதுவதில்லை. என் குறை இதுதான். அன்று அலை எந்த உயரம், காற்று எந்தப் பக்கம், இறுதிச்சுற்றில் நல்ல அலைகள் யாருக்கு மாட்டின, யாருக்கு மாட்டவில்லை என்று எதுவும் இருக்காது. மைதானம் நொடிக்கு நொடி மாறுகிற விளையாட்டு இது. பிட்ச் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் டெஸ்ட் மேட்ச் செய்தி எழுதினால் நம் ஆட்கள் விடுவார்களா?

சனி ஞாயிறு அந்தப் பக்கம் போகிறவர்கள் இதை நேரிலேயே பார்க்கலாம். மாமல்லபுரம் வேண்டாமென்றால் அதற்கு 20 கிலோமீட்டர் வடக்கே கோவளம். காலை ஆறு மணிக்கு மணலில் இருங்கள். அந்த நேரத்தில் தரைக்காற்று கடலை நோக்கி அடிக்கும். எழும் அலையின் முகத்தை அது தாங்கிப் பிடிப்பதால் அலை வழவழப்பாக, ஓரத்திலிருந்து வரிசையாக உடையும். பத்து பதினொரு மணிக்கு மேல் கடல்காற்று கரைக்கு ஏறிவிட்டால் எல்லாம் கசகசவென்று ஆகிவிடும். பலர் ரிசார்ட்டில் பொங்கல் வடை முடித்துவிட்டுக் கரைக்கு வருவது அப்போதுதான். பிறகு ‘இங்கே என்ன அலை இருக்கு’ என்பார்கள்.

இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் சும்மா பாருங்கள். அலைகள் கூட்டமாக வரும்: மூன்று நான்கு பெரியவை, பிறகு ஒரு ஓய்வு. எல்லா இடத்திலும் நுரைத்து உடையும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழி அது. கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களை ஒட்டியும் இப்படி இழுக்கும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, அப்புறம் அலையோடு திரும்ப வேண்டும். இதில் யாராவது போய்விட்டால் மறுநாள் பேப்பரில் ‘ராட்சத அலை இழுத்துச் சென்றது’ என்று வரும். அலை கரைக்குத்தானே தள்ளும்? இழுத்தது நீரோட்டம். கடலைப் பார்க்காமல் எழுதும் பழக்கம் விளையாட்டுப் பக்கத்தோடு நிற்பதில்லை.

முதல்முறை பலகை ஏறுகிறவர்களுக்கு எட்டு ஒன்பது அடி நீளமுள்ள, மேல்பக்கம் மெத்தென்றிருக்கும் பலகைதான் சரி. நிற்கும்போது பின்னால் வரும் காலில் பலகையோடு இணைக்கும் கயிறு. படுக்கும்போது ரொம்ப முன்னே போனால் பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தும், பின்னே போனால் பலகை நின்றுவிடும், அலை உங்களை விட்டுப் போய்விடும். அலை தூக்குவது முதுகில் தெரிந்த பிறகும் இரண்டு தடவை கையால் தண்ணீரை வலித்துவிட்டு, நெஞ்சுக்குப் பக்கத்தில் கையை ஊன்றி ஒரே மூச்சில் எழ வேண்டும். முட்டி போட்டு எழுந்தால் கவிழ்வீர்கள். காலைக் குனிந்து பார்த்தாலும் கவிழ்வீர்கள். கண் கரையில் இருக்கட்டும். விழும்போது தலைகுப்புற வேண்டாம், தட்டையாக விழுந்து கையால் தலையை மூடுங்கள். பலகை ஒருபோதும் உங்களுக்கும் அலைக்கும் நடுவில் இருக்கக் கூடாது. ஒன்றரை மணி நேரம் இதைச் செய்து பார்த்தவருக்கு 6.3 என்றால் என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சதுரங்கத்திலும் இதே கதைதான். 2022 ஒலிம்பியாட் இதே மாமல்லபுரத்தில் நடந்தபோது போட்டிச் சின்னமான வேட்டி கட்டிய ‘தம்பி’ குதிரையும், சதுரங்கக் கட்டம் போட்ட சென்னை நேப்பியர் பாலமும் பக்கம் பக்கமாக வந்தன. பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானோடு ஆடிய இந்தியா ‘பி’ அணியில், முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்றிருந்த குகேஷ் ஜெயிக்க வேண்டிய நிலையிலிருந்து அப்துசத்தோரோவிடம் தோற்றார். பிரக்ஞானந்தா வென்றதால் மேட்ச் 2-2 ஆனது. உஸ்பெகிஸ்தான் தங்கத்துக்குப் போனது, நமக்கு வெண்கலம். தொடரின் திருப்புமுனை குகேஷின் அந்த ஒரு ஆட்டம். அதை நகர்வு நகர்வாக விளக்கித் தமிழில் ஒரு அரைப்பக்கம் வந்திருக்க வேண்டாமா?

இன்னொன்று, அலைச்சறுக்குச் செய்திகளுக்கு வைக்கும் ‘மீனவர் மகன் சாதனை’ என்ற ரெடிமேட் தலைப்பு. குப்பத்துப் பையன்கள் நன்றாக ஆடுவதற்குக் காரணம் ஏழ்மை இல்லை. நீரோட்டம் எந்தப் பக்கம், காற்று எப்போது திரும்பும் என்று சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்த அறிவு. அதைப் பற்றிக் கேளுங்கள், அரைமணி நேரம் பேசுவார்கள். கேட்பதோ ‘அம்மா அப்பா என்ன சொன்னாங்க?’

2026 செப்டம்பரில் ஜப்பானில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அலைச்சறுக்கு அதில் முதன்முறையாகச் சேர்கிறது. அதற்குள் உள்ளூர்ப் போட்டி ஏதாவது வந்தால், டெஸ்க்கில் இருக்கும் நண்பர்கள் ஒரே ஒருத்தரைக் காலை ஆறு மணிக்கு, ஒரு பைனாகுலரோடு மணலுக்கு அனுப்புங்கள். சம்மேளனத்தின் பிரஸ் நோட் சாயங்காலம் எப்படியும் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். நடுவர் மேடைக்குப் போய் அலைவாரியான புள்ளித்தாளை வாங்கி வரச் சொல்லுங்கள்.